கண்மாயை அளந்த வகுப்பு: மழைமானி முதல் மண்மடை வரை

சிவகங்கை மாவட்டத்தில், சிங்கம்புணரிக்கும் திருப்பத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி எங்களுடையது. தலைமையாசிரியரும் நானுமாக இரண்டு பேர். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருக்கின்றன. பள்ளிக்குப் பின்னால் சில வயல்களைத் தாண்டினால் கண்மாய்க் கரை. நீட்டல் அளவை, முகத்தல் அளவை, வரைபடம், நீர், பறவைகள் என்று இரண்டு வகுப்புப் புத்தகங்களிலும் தனித்தனியாகக் கிடக்கும் பாடங்களை இந்த ஒரு கண்மாயை வைத்தே நடத்திவிடலாம் என்று ஆடியில் தொடங்கினோம்; தை வரை ஓடியது. கரையோரப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எடுத்துச் செய்ய உதவும் என்று, எது நின்றது, எது கரைந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு விதி வைத்துக்கொண்டோம். தானே செய்த கருவி ஒன்று கையில் இல்லாமல் யாரும் வெளியே கிளம்பக் கூடாது. எங்கள் பிள்ளைகளுக்குக் கண்மாய் புதிய இடம் இல்லை. ஆடு ஓட்டிப் போகிறவர்கள், அப்பாவோடு மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்குகிறவர்கள். வெறுமனே கூட்டிப்போனால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். அளக்க ஒரு பொருள் இருந்தால், தினமும் பார்க்கிற கரையையே நின்று பார்ப்பார்கள் என்று நம்பினேன். அது நடந்தது.

மழைமானி

இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் செய்தோம். பாட்டில் தேர்வில்தான் பாதி வேலை இருக்கிறது. இடுப்பு ஒடுங்கியதும் வரி வரியாகப் பள்ளம் விழுந்ததும் வேண்டாம். மேலிருந்து கீழ்வரை நேர்ச்சுவராக இருக்கிற பாட்டிலே வேண்டும். தோள் சரியத் தொடங்கும் இடத்தில் வட்டமாக வெட்டி, மேல்துண்டைக் கவிழ்த்துப் புனல்போல் உள்ளே செருக வேண்டும். வெட்டும் வேலை பெரியவர்களுடையது. வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும் என்பதால் சுற்றிலும் சைக்கிள் டியூப் துண்டை ஒட்டிவிட்டோம்.

பாட்டிலின் அடி குழிகுழியாக இருப்பதால் அங்கே விழும் தண்ணீரின் உயரம் சரியான கணக்குக் காட்டாது. கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வது வழக்கமான முறை. எங்கள் ஊர் வெயிலில் மழையில்லாத நாளில் அந்தத் தண்ணீர் வற்றிப் பூஜ்யம் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அதனால் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் கொஞ்சம் சிமெண்ட் கலவை வாங்கி, குழிகள் மறைந்து நேர்ச்சுவர் தொடங்கும் இடம்வரை ஊற்றி மட்டம் தட்டினோம். பூஜ்யம் நிலையானது. கனமும் சேர்ந்ததால் காற்றுக்குச் சாயவில்லை.

அளவுகோல் விஷயத்தில் காகிதத்தில் கோடு போட்டு டேப் ஒட்டியது முதல் மழையிலேயே ஊறிப்போனது. அடுத்து பெர்மனென்ட் மார்க்கரில் வெளிச்சுவரில் போட்ட கோடு ஒரு மாதத்தில் வெளுத்தது. கடைசியில் நின்றது மிக எளிய வழி: பிளாஸ்டிக் ஸ்கேலை உள்ளே நேராக இறக்கிப் படிப்பது. ஆனால் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன் சில மில்லிமீட்டர் வெற்றிடம் உண்டு. அதைப் பூஜ்யக் கோடுவரை உப்புத்தாளில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நாள் கணக்கும் அந்த அளவுக்குக் குறைவாகவே வரும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். ஸ்கேலைத் தரையில் நிறுத்தி, “டீச்சர், தரையே பூஜ்யத்துல இல்லையே” என்றான்.

வைக்கும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். வேப்பமரத்தடி பார்க்க நல்ல இடம். ஆனால் மழை நின்ற பிறகும் இலை சொட்டிக்கொண்டிருக்கும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைத்தோம். ஆடு முட்டாமல் சுற்றிலும் முள் வேலி.

வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு மழையளவு எடுத்து, முந்தைய 24 மணி நேரக் கணக்காக எழுதுகிறது. நாங்களும் அதே நேரத்தைப் பிடித்துக்கொண்டோம். இறைவணக்கத்துக்கு முன் அன்றைய முறைக்காரர் இருவர் படிப்பார்கள். இருவர் சொல்வதும் ஒத்தால்தான் நோட்டில் ஏறும். மழை கொட்டும் நாளில் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்களே, அன்று யார் படிப்பது? பள்ளியை ஒட்டிய வீட்டுப் பிள்ளை அம்மாவின் துணையோடு அதை ஏற்றுக்கொண்டாள். அதிக மழை பெய்த நாள்களின் கணக்கெல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

இதில் ஒரு சந்தேகம் வகுப்பு முழுக்க இருந்தது: பாத்திரம் பெரிதாக இருந்தால் மழை அதிகம் காட்டுமா? பதில் சொல்லாமல், சத்துணவுக் கூடத்திலிருந்து நேர்ச்சுவர் எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டு வாங்கினேன், ஒன்று அகலம், ஒன்று குறுகல். மழைமானி பக்கத்திலேயே வைத்தோம். மறுநாள் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே உயரம். கூடவே ஒரு பிள்ளை கொண்டுவந்து வைத்த வாளி மட்டும் அதிகம் காட்டியது. வாளியின் வாய் அகலம், அடி குறுகல். வாயில் வாங்கிய மழையை அடியில் நெருக்கி நிறுத்துகிறது. இதை அவர்களே தடவிப் பார்த்துச் சொன்னார்கள். அதன் பிறகு, ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர் என்று சொன்னபோது யாரும் திகைக்கவில்லை. வகுப்பறையின் தட்டுக்கூரையை அளந்தோம்: 9 மீட்டருக்கு 6 மீட்டர், 54 சதுர மீட்டர். 20 மி.மீ. மழைக்கு 1,080 லிட்டர். பள்ளி சின்டெக்ஸ் தொட்டி 500 லிட்டர். “ஒரு ராத்திரி மழையில ரெண்டு தொட்டி ரொம்பி வழியுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அளவுக் கயிறு

கரையின் நீளத்தை அளக்கக் கயிறு வேண்டும். சிங்கம்புணரி கயிற்றுத் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் முதல் வெளிப்பயணம் அங்கே ஒரு கயிறு திரிக்கும் இடத்துக்கு. தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிந்து, ராட்டினத்தில் முறுக்கேறி, இரண்டு புரி சேர்ந்து கயிறாகும்வரை பார்த்தார்கள். ஒரு புரி ஒரு பக்கம் முறுக்கினால் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும், அப்போதுதான் பிரியாது என்று அங்கே வேலை செய்த அக்கா காட்டினார். திரும்பி வந்து வாழைநாரில் ஆளுக்கு ஒரு சாண் கயிறு திரித்தோம்.

வாங்கி வந்த தேங்காய் நார்க் கயிறு அளக்கச் சரிப்படவில்லை. இழுத்தால் ஒரு நீளம், தளரவிட்டால் வேறு நீளம். துணி காயப்போடும் நைலான் கயிற்றுக்கு மாறினோம். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் முடிச்சே கயிற்றைத் தின்றுவிடுகிறது. எனவே முடிச்சில்லாமல், டேப்பை விரித்து வைத்து மீட்டருக்கு ஒரு வண்ணத்துணிக் கீற்றைத் தைத்தோம். பத்து மீட்டர்க் கயிறு. கரையில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு புளியங்கொட்டை டப்பாவில். வீடு திரும்பியதும் கொட்டையை எண்ணினால் நீளம்.

கண்மாய்க்குப் போகும்போது

வெளியே கூட்டிப்போகிற விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லி, பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தாய்மார்களோடுதான் போனோம். தண்ணீர் ஏறிய பிறகு பிள்ளைகள் நடப்பது கரையின் மேல்பகுதியில் மட்டும். உட்சரிவில் பதித்த கல் பாசி ஏறி வழுக்கும். அதில் கால் வைக்கக் கூடாது. தண்ணீரில் இறங்கும் வேலை எதுவாக இருந்தாலும் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா மட்டும்தான். கிளம்பும்போதும், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையிலும், நிறைந்த தண்ணீர் வழியும் கலுங்கிலும், திரும்பும்போதும் தலை எண்ணுவோம். நீச்சல் தெரிந்த பிள்ளைகள்தான் இந்த விதியை முதலில் மீறப் பார்ப்பார்கள். அவர்களைப் பின்கயிறு பிடிக்கும் பொறுப்பில் வைத்தது நல்ல பலன் தந்தது.

எங்கள் கண்மாயில் பழைய குமிழி மடை ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து சற்று உள்ளே, இரண்டு கல் தூண்களும் குறுக்குக் கற்களும் மட்டும் வெளியே தெரியும். இப்போது பாசனம் வேறு மடையின் திருகு ஷட்டர் வழியாக நடக்கிறது. ஆடியில் கண்மாய் காய்ந்து கிடந்தபோது தூண்களின் அடிவரை பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். தாத்தா கைத்தடியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மேல் பலகைக்கல்லில் இருக்கும் பெரிய துளை நீரோடி. அதற்குக் கீழே மண்மட்டத்தில் இருக்கும் சிறு துளைகள் சேறோடி. மேலிருந்து தண்ணீர், கீழிருந்து வண்டல் கலங்கிய தண்ணீர், இரண்டும் கரைக்கு அடியில் போகும் கால்வாய் வழியாக வயலுக்குப் போகும்.

“தண்ணிக்குள்ள கெடக்குற ஓட்டைய எப்புடித் தாத்தா தொறப்பீக?” என்றாள் ஒருத்தி.

“மூச்சப் பிடிச்சு முங்கணும் ஆத்தா. எங்க அப்பாரு முங்குவாரு. கட்டையத் தூக்கினதும் தண்ணி இழுக்கும் பாரு, கால அகட்டி நின்னாத்தான் தப்பிக்கலாம்.”

வகுப்பில் அன்று வேறு எந்தப் பாடமும் எடுபடவில்லை.

நீர்மட்டம் படிக்க அந்தப் பழைய தூணிலேயே கோடு போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அத்தனை தலைமுறை நின்ற கல்லில் பெயின்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் ஒன்றில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையாகக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்து, ஊராட்சியில் சொல்லிவிட்டு, தாத்தா அதைத் தூணோடு கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்தார். கரையிலிருந்து எண் தெரியாது, பட்டை தெரியும். ஒரு கண்ணை மூடிக் காகிதக் குழல் வழியாகப் பார்த்தால் பட்டையை எண்ணுவது இன்னும் சுலபம். முக்கால் பட்டை, அரைப்பட்டை என்று சொல்லப் பழகியபோது பின்னமும் கூடவே வந்துவிட்டது.

மண்மடை

இத்தனையிலும் அதிக நாள் பிடித்ததும், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கொத்தனார் கலவை அள்ளும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு கண்மாய். குறுக்கே களிமண் கரை, ஒரு பக்கம் தண்ணீர் நிற்கும் உள்வாய், மறுபக்கம் வயல். கரைக்கு அடியில் அரை அங்குலப் பிவிசி குழாய். உள்வாய்ப் பக்கம் ஒரு எல்போ மாட்டி மேல்நோக்கித் திருப்பி, மூடி போட்டு, மூடியின் நடுவில் சூடான கம்பியால் பெரிய துளை, எல்போவின் பக்கத்தில் மண்மட்டத்தில் மூன்று சிறு துளை. பெரிய துளைக்கு அடைப்பான், துணி சுற்றிய குச்சி. சிறு துளைகள் நேராகக் குழாய்க்குள் திறந்தால் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். எனவே அவற்றையும் ஈரத்துணியால் அடைத்து, அடைப்பானோடு நூல் கட்டி ஒன்றாக இழுக்க வைத்தோம். உண்மையான குமிழியின் அமைப்பு இதைவிட நுட்பமானது. பிள்ளைகள் கையால் செய்ய இந்த அளவு போதும்.

தண்ணீர் ஊற்றியதும் குழாய் வழியாக வரவேண்டியது குழாயின் வெளிப்புறத்தை ஒட்டிக் கசிந்தது. கசிவு கொஞ்ச நேரத்தில் ஓடையாகிக் கரையைத் தின்றது. மறுபடி கட்டினோம், மறுபடி அதே இடம். அப்போதுதான் தாத்தாவைப் பள்ளிக்கே அழைத்தோம். அவர் மண்ணைக் கையில் எடுத்து உருட்டினார். “ஈரம் பதமா இருக்கணும் அப்பு. உருண்டை கையில ஒட்டவும் கூடாது, ஒடையவும் கூடாது. ஒரே தடவையில அப்பாத. ஒரு வெரக்கடை போடு, இடி. அப்பறம் அடுத்தது.”

அவர் சொன்னபடி விரற்கடை விரற்கடையாகப் போட்டு உருட்டுக்கட்டையால் இடித்தோம். கசிவு பாதி குறைந்தது. மீதிக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வழி கண்டார்கள். பழைய ரப்பர் செருப்பில் வட்டம் வெட்டி, நடுவில் குழாய் இறுக்கமாக நுழையும் அளவு துளை போட்டு, கரைக்குள் இருக்கும் பகுதியில் மூன்று இடத்தில் மாட்டினார்கள். குழாயை ஒட்டி ஓடிய தண்ணீர் ஒவ்வொரு வட்டத்திலும் முட்டிச் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. கசிவு நின்றது. அணைகளில் குழாயைச் சுற்றித் தடுப்பு வளையம் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான் என்று சொன்னபோது அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து, தொட்டி நிறையும்போது தண்ணீர் கரையின் மேலேறி வழிந்தது. வழிந்த இடத்தில் ஒரு கீறல், அது பள்ளமாகி, ஒரு நிமிடத்துக்குள் கரை போய்விட்டது. கலுங்கு எதற்கு என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கரையின் ஓரத்தில் கொஞ்சம் தாழ்வாக ஒரு வாய் விட்டு, கூழாங்கல் பதித்து, இடுக்கில் களிமண் பூசினார்கள். தண்ணீர் அதில் மறுகால் பாய்ந்து பக்கத்தில் வைத்த இரண்டாவது தொட்டிக்குள் விழுந்தது. “இப்ப ரெண்டாவது கம்மாய்க்கும் மடை வைக்கணும் டீச்சர்!”

மழைக்கும் கண்மாய்க்கும்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். மழைமானி நோட்டில் மாதம் ஒரு நிறமாகப் பட்டை வரைபடம் போட்டு, அதையே சோதித்தோம். இந்த ஆண்டு எங்கள் பள்ளிக் கணக்கில் ஐப்பசியில் மழை பெய்த நாள்கள் அதிகம்; கார்த்திகையில் நாள்கள் குறைவு, பெய்த நாளில் அளவு அதிகம். பழமொழியை இப்படி எண்ணில் பார்த்தது பிள்ளைகளைவிட அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் பெரிய சந்தோஷம்.

ஆனால் உண்மையான கேள்வி வேறு இடத்தில் எழுந்தது. ஐப்பசியில் ஒரு நாள் மழைமானி 62 மி.மீ. காட்டியது. அதுவரை படித்ததில் அதுவே பெரிது என்று துள்ளிக்கொண்டு கரைக்கு ஓடினால், பனஞ்சட்டத்தில் அரைப்பட்டைகூட ஏறவில்லை. பிறகு கார்த்திகையில் நாலைந்து நாள் ஊரில் தூறல்கூட இல்லாதபோது ஒரே இரவில் இரண்டு பட்டை ஏறிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் இல்லை. பெய்யாமல் தண்ணீர் வருகிறது. என்ன காரணம்?

மூன்று நாள் இதைத்தான் பேசினோம். காய்ந்த தரை முதல் மழையைக் குடித்துவிடும் என்பது ஒரு பதில். கண்மாயில் மேலே விழும் மழையைவிட, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாக வருவதுதான் பெரும்பங்கு என்பது இன்னொன்று. எங்களுக்கு மேற்கே இருக்கும் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் இங்கே தண்ணீர். தொட்டியில் செய்து பார்த்த பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள்: முதல் தொட்டி ரொம்பாமல் இரண்டாவதுக்குச் சொட்டு போகாது.

அதனால் அடுத்த வெளிப்பயணம் வரத்துக்கால் நெடுக, தண்ணீர் வடிந்த பிறகு. அளவுக் கயிறு, புளியங்கொட்டை, குறிப்பு நோட்டு. எங்கே கால்வாய் எத்தனை கையகலம், எங்கே சீமைக்கருவேல் அடைத்திருக்கிறது, எங்கே பாலித்தீன் குவிந்திருக்கிறது என்று குறித்தார்கள். திரும்பி வந்து பள்ளி முற்றத்தில் மணலைப் பரப்பி, கோலமாவால் கரை, நீலத்தூளால் தண்ணீர், குச்சியால் முள்மரம் வைத்து ஊரின் நீர்வழி வரைபடம் போட்டோம். மாலையில் பிள்ளைகளை அழைக்க வந்த பாட்டி ஒருவர் நின்று பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து, “இங்க இன்னொரு ஓடை இருந்துச்சுடா” என்று காலால் ஒரு கோடு இழுத்தார். இப்போது அங்கே வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. வரைபடத்தில் அதைப் புள்ளிக்கோடாக வைத்திருக்கிறோம்.

வேட்டங்குடி

மார்கழியில் அரசுப் பேருந்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனோம். திருப்பத்தூர் வட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டியை ஒட்டிய கண்மாய்கள்தான் சரணாலயம்; 1977இல் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் பறவைகள் கலைந்துவிடக் கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. அந்த ஊர்ப் பையன் ஒருவனிடமே கேட்டுவிட்டார்கள். “எங்க ஊருல வெடிக்க மாட்டோம்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பறவையின் பெயரைவிட அலகைப் பார்க்கச் சொன்னேன். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அரிவாள்மூக்கனின் அலகு வளைந்து சேற்றில் இறங்கும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி. எந்த அலகு எதைத் தின்னும் என்று அவரவர் ஊகித்து வரைந்தார்கள். காகிதக் குழல்தான் தொலைநோக்கி. மரத்தடியெல்லாம் வெள்ளையாக எச்சம். அந்த எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஒரு விவசாயி சொன்னதும், மறுநாள் எங்கள் கரை மரங்களில் எத்தனை கூடு என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

ஜனவரி 26 கிராமசபையில் பிள்ளைகளின் மழைப் பட்டை வரைபடத்தையும் நீர்வழி வரைபடத்தையும் மாட்டினோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நின்று, மழை பெய்த நாளுக்கும் கண்மாய் ஏறிய நாளுக்கும் உள்ள இடைவெளியை விளக்கினார்கள். பெரியவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் தேதி பற்றியவை: மறுகால் எந்தத் தேதி வந்தது, எந்தத் தேதி நின்றது. நோட்டைப் புரட்டிப் பதில் சொன்னார்கள். வரத்துக்காலில் முள் வெட்டும் வேலை கோரிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது.

கோடையில் கண்மாய் வற்றியதும் செய்ய வேண்டியவை: பனஞ்சட்டத்தில் கீழ் நாலு பட்டைகள் பாசியேறி நிறம் தெரியவில்லை, தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். தூண் அடியில் வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கம்பி இறக்கி அளந்து ஆடியில் எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். மண்மடைத் தொட்டியின் களிமண்ணை ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறோம். வெடிக்காமல் இருந்தால் ஜூனில் புதிதாக வரும் நாலாம் வகுப்புக்கு அதே மண். அவர்களுக்கு இடிக்கக் கற்றுக்கொடுக்கப்போவது ஐந்தாம் வகுப்பு.